ஒன்பது பவுண்டு மைக்

போன தை மாசம் வடக்கனந்தலில் எங்க தெருக் கோயில் விசேஷம். நாதஸ்வர வித்வானுக்கு எழுபது தாண்டிவிட்டது, இப்போதே பதிவு செய்து வைக்கணும்னு மலிவான ரிப்பன் மைக் ஒன்றோடு போனேன். அதைத் தவிலின் வலந்தலைக்கு ஒரு முழம் தள்ளி வைத்தது என் முட்டாள்தனம். வீட்டுக்கு வந்து கேட்டால் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. திறந்து பார்த்தேன். அலுமினிய நாடா தொய்ந்து காந்தத்தில் உரசிக்கொண்டிருந்தது.

அதன் கனம் சுமார் 2 மைக்ரான்தான். தலைமுடி இதைப் போல முப்பது மடங்காவது தடிமன். காந்த முனைகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாகத் தொங்கும் இந்த நாடா காற்றோடு சேர்ந்து அசையும். அதில் பிறக்கும் துளி மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாக்கும். ஜெர்மனியில் ஷாட்கியும் கெர்லாக்கும் 1924-ல் யோசித்தது இது. 1930-களில் அமெரிக்காவின் ஆர்சிஏ, ஹாரி ஆல்சன் மூலம், இதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்க மைக்கின் விலை நூறு பவுண்டுக்கு மேல். பிபிசிக்குக் கட்டுப்படியாகவில்லை. மார்க்கோனியோடு சேர்ந்து 1934-ல் 'டைப் ஏ' என்று சொந்தமாகச் செய்துகொண்டார்கள், ஒன்பது பவுண்டில்! 1941 மே மாதம் லண்டனிலிருந்து தமிழ் ஒலிபரப்பு தொடங்கியபோது பிபிசியின் வழக்கமான ஸ்டூடியோ மைக் இதுதான். 1940-களில் வந்த ஏஎக்ஸ்பிடி வகையில் அதே வடிவத்துக்குள் வலுவான டைகோனல் காந்தத்தை வைத்தார்கள். 1950-களில் பிபிசி வடிவமைத்த 4038-ல் (இன்றும் கோல்ஸ் விற்கிறது, விலை கேட்டால் மயக்கம் வரும்) நாடாவின் கனம் 0.6 மைக்ரான், நீளம் ஒரு அங்குலம்தான். நீள நாடா என்றால், மைக்குக்கு மேலோ கீழோ விலகினால் உச்ச ஸ்வரங்கள் மங்கும். குட்டை நாடாவில் அது குறைவு.

இன்றைய மலிவு மைக்கில் நியோடிமியம் காந்தம் சின்னது, சக்தி அதிகம். ஆகவே காந்தம் பிரச்சினையில்லை. பெரும்பாலும் மிச்சம் பிடிப்பது டிரான்ஸ்ஃபார்மரில். நாடாவை இழுத்துக் கட்டும் கை வேலையிலும்தான். சிலவற்றில் உள்ளே இன்னொரு கம்பிவலை இருக்கும், அதில் மோதித் திரும்பும் ஒலி தெளிவைக் கெடுக்கும். நாடாவோ எல்லாவற்றிலும் காசு கம்மியான பொருள்.

என் மைக்குக்குப் புது நாடா வாங்கி, பல்சக்கரத்தில் மடிப்பு போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கட்டினேன். மூன்று கிழிந்தன, நாலாவது நின்றது. இந்த மைக்குக்கு முன்னும் பின்னும் காது உண்டு, பக்கவாட்டில் செவிடு. ஆடித் திருவிழாவில் பக்கவாட்டைத் தவிலுக்குக் காட்டி, வித்வானிடமிருந்து ஆறடி தள்ளி வைக்கப்போகிறேன். வரேன்னு சொல்லியிருக்கிறார்.