182 நாள்: சித்தப்பாவின் நோட்டும் ஒரு எண்ணின் கதையும்

போன மாதம் சித்தப்பாவின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. மளிகைக் கணக்கு என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே வெறும் தேதிகள். வந்த தேதி, போன தேதி, கூட்டிய எண். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் வருடம், அடியில் சிவப்பு மையில் 168, 171, 174 என்று ஒரு மொத்தம். 2013-14 பக்கத்தில் மட்டும் கூட்டல் இரண்டு தடவை அடித்துத் திருத்தப்பட்டிருந்தது.

சித்தப்பா 28 வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்து 2011-ல் ஓய்வு பெற்றவர். கடைசி வரை இந்தியப் பாஸ்போர்ட், சிங்கப்பூர் நிரந்தரவாசம். மகன் அங்கே, தாய் (என் அப்பத்தா) இங்கே காரைக்குடிப் பக்கம். அதனால் அரை வருடம் அங்கே, அரை வருடம் இங்கே. "182 தாண்டக் கூடாதுப்பா" என்று அவர் சொல்லாத வருடம் கிடையாது. அது ஏன் 182, யார் வைத்த கணக்கு என்று நான் அப்போது கேட்கவில்லை. இப்போதுதான் தேடிப் பார்த்தேன்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அங்கே 1842-ம் வருட வருமான வரிச் சட்டத்திலேயே ஆறு மாதக் கணக்கு உண்டு. தற்காலிக வேலையாக வந்து, ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடுகிறவரை ஊர்க்காரராகக் கருதி அவருடைய வெளிநாட்டு வருமானத்துக்கு வரி போட வேண்டாம் என்பது சாரம். ஆனால் 'வசிப்பது' என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. அந்த ஓட்டையில் விழுந்தவர்களில் இரண்டு பேர், கிட்டத்தட்ட நம்ம சித்தப்பா மாதிரி ஆட்கள்.

முதலாமவர் லெவீன். வீட்டைக் காலி செய்து, தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டு 1919 கடைசியில் இங்கிலாந்தைவிட்டுக் கிளம்பினார். பிறகு ஐரோப்பாவில் ஓட்டல் ஓட்டலாக வாசம். ஆனால் வருடா வருடம் நாலைந்து மாதம் இங்கிலாந்துக்கு வந்துவிடுவார். எதற்கு? வைத்தியரைப் பார்க்க, சொந்தக்காரர்களைப் பார்க்க, மதச் சடங்குகளுக்கு, பெற்றோரின் கல்லறைக்குப் போய்வர. ஆறு மாதத்தை அவர் தாண்டவே இல்லை. இரண்டாமவர் லைசாட். குடும்பத் தொழிலின் பொறுப்பிலிருந்து பாதி ஓய்வு பெற்று, அயர்லாந்தின் கார்க் பகுதியில் குடியேறிவிட்டார். கம்பெனிக் கூட்டத்துக்காக மட்டும் மாதம் ஒருமுறை இங்கிலாந்து வந்து, ஒரு வாரம்போல ஓட்டலில் தங்கிப் போவார்.

இரண்டு வழக்கும் 1928-ல் பிரபுக்கள் சபையில் முடிந்தன. இருவருமே தோற்றார்கள். சட்டத்தில் விளக்கம் இல்லாததால் நீதிபதிகள் அகராதியை எடுத்துப் புரட்டினார்கள். ஒருவர் எத்தனை நாள் இருந்தார் என்பது மட்டும் போதாது, அந்த வருகை அவருடைய வாழ்க்கையின் வழக்கமாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும் என்று போனது வாதம். யோசித்துப் பாருங்கள். அம்மா அப்பா கல்லறைக்குத் தவறாமல் வருகிறவன் என்பதே ஒருவனுக்கு எதிரான சாட்சியாகிறது! ஊர்ப்பாசம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறதோ அவ்வளவுக்கு வரிப்பொறுப்பு.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 1922-ம் வருடச் சட்டப்படி, வெளிநாட்டில் நடக்கும் வியாபாரத்தின் லாபத்தை மூன்று வருடத்துக்குள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் வரி. கொண்டுவராவிட்டால் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது எவ்வளவு முக்கியமான விதி என்று சொல்லத் தேவையில்லை. பணம் எப்போது கப்பலேறுகிறது என்பதுதான் கேள்வி. ஆள் எங்கே இருக்கிறார் என்பது அவ்வளவு பெரிய விஷயமாக இல்லை.

1939-ல் வந்த திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. இனி ஆள் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. இங்கே வசிப்பவர் என்றால், வெளிநாட்டில் கிடைத்து அங்கேயே கிடக்கும் வருமானத்துக்கும் (4,500 ரூபாய் கழிவு போக) வரி உண்டு. யார் வசிப்பவர்? இங்கிலாந்து மாதிரி அகராதியைப் புரட்டாமல், இங்கே எண்ணைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். வருடத்தில் 182 நாள் இருந்தால் வசிப்பவர். 365-ல் பாதி. அவ்வளவுதான், ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆனால் வேறு வாசல்களும் இருந்தன. அதில் ஒன்று நம்ம பக்கத்து ஆட்களை நேராகத் தொட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் 182 நாளுக்குத் தமக்காக ஒரு வீடு பராமரிக்கப்பட்டு, அந்த வருடத்தில் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்திருந்தாலும் வசிப்பவர்தான். வருடம் முழுக்க ரங்கூனில் இருந்துவிட்டு, பிள்ளைக்குக் கல்யாணம் என்று வந்து பத்து நாள் நின்றவருக்கும் இது பொருந்தும். வீடு கட்டுவதையே வாழ்க்கையின் அடையாளமாக வைத்திருந்த ஒரு ஊரில், வீடே சாட்சி சொல்ல வந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை, 'பிரிட்டிஷ் இந்தியா' என்ற சொல். காரைக்குடியும் தேவகோட்டையும் ராமநாதபுரம் ஜில்லா, அதனால் உள்ளே. சில மைல் தள்ளி ராயவரமும் விராச்சிலையும் புதுக்கோட்டை சமஸ்தானம், அதனால் வரிச் சட்டத்தின் கண்ணுக்கு வெளியே. 1948-ல் சமஸ்தானம் இணையும்வரை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத எல்லை.

நாள் கணக்கு மட்டும் காப்பாற்றாது என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. சுப்பையா செட்டியார் வழக்கு என்று வரி வக்கீல்கள் இன்றும் சொல்வார்கள். குடும்பத்தோடு கொழும்பில் வாழ்ந்தவர், அங்கேதான் வியாபாரம். கணக்கில் எடுத்த வருடத்தில் இந்தியாவுக்கு வந்துபோனது மொத்தம் 101 நாள். ஆனால் வரி போடப்பட்டது அவர் தலைவராக இருந்த கூட்டுக் குடும்பத்துக்கு. குடும்பத்துக்கு நாள் எண்ண முடியாது. அதன் நிர்வாகம் முழுக்க முழுக்க வெளிநாட்டில் நடந்ததா என்றுதான் சட்டம் கேட்கும். வந்த இடத்தில் அவர் வழக்கு விவகாரங்களைக் கவனித்திருந்தார், இங்கே புதிதாகத் தொழிலும் தொடங்கியிருந்தார். நிர்வாகம் முழுவதும் வெளியேதான் என்று அவரால் காட்ட முடியவில்லை. சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார்.

1961-ம் வருடச் சட்டம் 182-ஐ அப்படியே எடுத்துக்கொண்டது. வீட்டு வாசலை 1982-ல் மூடினார்கள். இனி பூர்வீக வீடு இருப்பது குற்றமில்லை. இன்னொரு வாசல் இன்றும் திறந்தே இருக்கிறது: முந்தைய நாலு வருடத்தில் 365 நாள் இருந்தவர், இந்த வருடம் 60 நாள் இருந்தாலே வசிப்பவர். வெளிநாட்டில் இருந்து ஊரைப் பார்க்க வரும் இந்தியர்களுக்கு மட்டும் அந்த 60-ஐத் தளர்த்தினார்கள். முதலில் 90, பிறகு 1990-ல் 150, 1995-ல் 182. சித்தப்பா நம்பியிருந்தது இந்தக் கடைசித் தளர்வை. 2020-ல் அதையும் கொஞ்சம் இறுக்கினார்கள். இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் உள்ளவருக்கு 120 நாள்தான். அதே வருடம் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, மார்ச் 22 முதல் 31 வரை சிக்கிக்கொண்டவர்களுக்கு அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எண்ணுகிற இயந்திரம் பத்து நாள் கண்ணை மூடிக்கொண்ட அபூர்வமான தருணம்.

இப்போது அந்த அடித்துத் திருத்திய பக்கம்.

2013 ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்கு வந்து 30 நாள் இருந்தார். அப்புறம் அக்டோபர் 25-ல் வந்தார். அப்பத்தா படுத்துவிட்டிருந்தார். 2014 மார்ச் 20-ல் கணக்கு 177. பயம் வந்துவிட்டது. "போயிட்டு ஏப்ரல் ஒண்ணாந்தேதி வந்துர்றேன் ஆத்தா. பதினோரு நாள்தான்" என்று சொல்லிவிட்டுத் திருச்சியில் விமானம் ஏறினார். ஏப்ரல் ஒன்று என்றால் புது நிதியாண்டு, எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். அவர் கணக்கு சரிதான்.

மார்ச் 26 ராத்திரி அப்பத்தா போய்விட்டார். 27 காலையில் சித்தப்பா வந்து இறங்கினார். காரியம் முடியும்வரை இருந்தார். மார்ச் 31-ஐச் சேர்த்து ஐந்து நாள். 177-ம் 5-ம் 182.

எந்த எண்ணைத் தொடக் கூடாது என்று தாயைவிட்டுப் போனாரோ, அதே எண். வந்த நாட்களைச் சேர்க்காமல் கூட்டினால் 179. நோட்டில் இரண்டும் இருக்கிறது. வந்து இறங்கும் நாள் கணக்கில் சேருமா என்பதற்கு இந்தியத் தீர்ப்பு மன்றங்களே வேறு வேறு பதில் சொல்லியிருக்கின்றன. (பிரிட்டனில் 2008-லிருந்து நள்ளிரவில் எங்கே இருந்தீர்கள் என்று எண்ணுகிறார்கள்.)

ஆடிட்டர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "182-ஏ ஆனாலும் ஒண்ணும் இல்லீங்க. நீங்க வசிப்பவர், ஆனா சாதாரணமா வசிப்பவர் இல்லை. முந்தின பத்து வருஷத்துல ஒன்பது வருஷம் வெளிநாட்டு ஆளா இருந்திருக்கீங்க. உங்க சிங்கப்பூர் வட்டிக்கு இங்க வரி கிடையாது." சித்தப்பா எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் போயிருக்க வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார்.

தேடும்போதுதான் பார்த்தேன், அந்த 'சாதாரணமாக வசிப்பவர் அல்ல' என்ற இடைநிலையும் 1939-லேயே வந்துவிட்டது. விதிகள் பிறகு மாறினாலும் கரு அதுதான். நெடுங்காலம் வெளியே இருந்து திரும்புகிறவனுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று யாரோ அப்போதே யோசித்து எழுதியிருக்கிறார்கள். 182 எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்த பிரிவில் இருந்த இந்த வரி, தேவைப்பட்டவருக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி நாள் எண்ணும் பெரியவர் இருந்தால், எண்ணுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். கணக்கு முக்கியம்தான், அங்கே மறுநுழைவு அனுமதி என்று இன்னொரு கணக்கும் இருக்கும். ஆனால் தாண்டினால் உண்மையில் என்ன ஆகும் என்பதையும், விவரம் தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2014-க்குப் பிறகு அந்த நோட்டில் எழுத்து இல்லை. மீதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. நான் அதை எடுத்து வைத்திருக்கிறேன்.