பாலும் ஈயமும்: ஒரு பெயின்ட்டின் பொய் வரலாறு

1

நண்பர் வீட்டில் மரவேலை பற்றிய ஓர் அமெரிக்கப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முழுப்பக்கப் படம். மங்கிய சிவப்பில் ஓர் அலமாரி, விளிம்புகளில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறது. பாலும் சுண்ணாம்பும் மண்ணும் கலந்து முன்னோர்கள் பூசியது, இயற்கையானது, நஞ்சற்றது என்று கீழே குறிப்பு. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ‘மரபு’ என்ற சொல்லைக் கண்டால் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். செய்துதான் பார்ப்போமே என்று இறங்கினேன்.

ஆடை நீக்கிய பால் வேண்டும். கொழுப்பு இருந்தால் சரியாகக் காயாது. பாலைச் சூடாக்கி வினிகர் விட்டுத் திரித்தேன். துணியில் வடிகட்டி நின்ற கட்டியை நன்றாக அலசினேன். அதுதான் கேசீன், பாலில் உள்ள முக்கியப் புரதம். அது வெறும் தண்ணீரில் கரையாது. தாளித்து ஊறவைத்த சுண்ணாம்பைச் சேர்த்துக் கிளறியதும் உதிரி உதிரியாகக் கிடந்தது மெல்ல இளகிப் பசையாகிறது. (சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம்.) செங்காவித் தூளைத் தனியே தண்ணீரில் குழைத்து இதில் கலந்தேன். அவ்வளவுதான் பெயின்ட்.

பூசுவதற்கு ஒரு முக்காலி செய்துகொடுத்த ஆசாரி அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்த்தார். “கட்-அவுட்டுக்குத்தான் பால் ஊத்துவாங்கன்னு நெனச்சேன் தம்பி. முக்காலிக்குமா?” என்றார். ஆனால் மரத்தை முதலில் ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் என்று சொன்னதும் அவரேதான். மெல்லிசாக இரண்டு கோட். அரைமணியில் காய்ந்துவிட்டது. மினுமினுப்பு இல்லை, சுவரில் காவி அடித்த மாதிரி ஒரு வறண்ட அழகு. மேலே ஆளிவிதை எண்ணெய் தடவியதும் நிறம் ஆழமாகியது. மறுநாள் காலை, மிச்சம் வைத்த கிண்ணத்தைத் திறந்தால் நாற்றம். பால் பெயின்ட்டின் வரலாற்றில் இந்த நாற்றத்துக்கும் இடம் உண்டு.

2

பாலையும் சுண்ணாம்பையும் மரத்தோடு சேர்ப்பது பழைய விஷயம்தான். பாலாடைக்கட்டியையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பலகைகளை ஒட்டும் பசையைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். ஆனால் ‘பால் பெயின்ட்’ என்று பேர் சொல்லி அதைப் பரப்பியவர் பிரெஞ்சு வேதியியலாளர் காதே த வோ. ஆடை நீக்கிய பால், நீர்த்த சுண்ணாம்பு, கொஞ்சம் எண்ணெய், நிறைய சாக்குத்தூள் என்று அவர் தந்த செய்முறை 1801இல் வெளியானது. மொழிபெயர்க்கப்பட்டு அமெரிக்கா வரை போனது. மலிவு, சீக்கிரம் காயும், எண்ணெய்ப் பெயின்ட்டின் நெடி இல்லை என்பவை அவர் சொன்ன காரணங்கள். பாரிஸ் நகரச் சுகாதார அதிகாரியாக இருந்தவர் அவர். பிணவாடையால் 1780இல் மூடப்பட்ட ‘இன்னசென்ட்ஸ்’ இடுகாட்டை ஆராய்ந்து எழுதியவர். நகரத்தின் காற்றை முகர்ந்து நோயைத் தேடிய ஒருவரிடமிருந்து நெடியில்லாத பெயின்ட் வந்தது தற்செயல் அல்ல.

ஆக, பால் பெயின்ட் பொய் அல்ல. சுவர்களிலும் எளிய கட்டடங்களிலும் பூசியிருக்கிறார்கள். அந்த அலமாரியில்தான் பொய் இருக்கிறது.

3

படத்தில் இருந்தது ‘ஷேக்கர்’ பாணி அலமாரி. ஷேக்கர்கள் 1774இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். பிரமச்சரியம், பொதுச்சொத்து, கூட்டுழைப்பு என்று வாழ்ந்தவர்கள். எந்தப் பொருளுக்கு எந்த நிறம் என்பதற்குக்கூட அவர்களிடம் விதி இருந்தது. 1845ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டிலுக்குப் பச்சை. வழிபாட்டுக் கூடத்துக்கு வெளியே வெள்ளை, உள்ளே நீலச்சாயல். இவ்வளவு எளிமையானவர்கள் பாலைத்தான் பூசியிருப்பார்கள் என்று நம்புவது சுலபம்.

ஆனால் ஷேக்கர் மரச்சாமான்களிலிருந்து பெயின்ட் துணுக்குகளை எடுத்து 1990களில் நுண்ணோக்கியில் ஆராய்ந்த சூசன் பக் கண்டது ஆளிவிதை எண்ணெய்ப் பெயின்ட். நீலத்தைக் கவனித்தாலே போதும். வழிபாட்டுக் கூடத்து நீலத்துக்குப் பிரஷ்யன் நீலத்தையும் ஈய வெள்ளையையும் எண்ணெயில் அரைத்துச் சேர்க்கும் செய்முறை அவர்களிடமே இருந்தது. பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது, நிறம் கெட்டுப்போகும். பாலும் சுண்ணாம்பும் கலந்த பசையில் அந்த நீலம் பிழைத்திருக்க முடியாது.

பிறகு இந்தக் கதை எப்படி நிலைத்தது? எளிதில் உரிக்க வராத பழைய பெயின்ட் எதுவானாலும் அதைப் பால் பெயின்ட் என்று சொல்லும் பழக்கம் பழம்பொருள் வியாபாரிகளிடம் பரவியது. 1867இல் அமெரிக்காவில் கலந்துவைத்த பெயின்ட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. டப்பாக்கள் சந்தைக்கு வந்தன. என் கிண்ணத்து நாற்றம் சொன்ன மாதிரி, பாலைக் கலந்து டப்பாவில் அடைக்க முடியாது. வீட்டில் குழைப்பது எல்லாமே ‘அந்தக் காலம்’ ஆனது. 1974இல் மாசசூசெட்ஸின் க்ரோட்டன் ஊரில் ஒரு நிறுவனம் பால் பெயின்ட்டைப் பொடியாக விற்கத் தொடங்கியது. அமெரிக்கா தன் 200ஆம் ஆண்டு விழாவுக்கு (1976) பாட்டன் வீட்டுச் சாமான்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம். மரபு புனையப்படுவது பற்றி ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூலில் சேர்த்திருக்கலாம்.

4

சரி, பாலோ எண்ணெயோ, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் அந்த வெள்ளையில் இருக்கிறது.

எண்ணெய்ப் பெயின்ட்டின் உடல் ஈய வெள்ளை. காரீயத் தகடுகளை வினிகர் பானைகள் மேல் அடுக்கி, சாணத்திலோ மரப்பட்டையிலோ மாதக்கணக்கில் புதைத்து எடுப்பார்கள். அந்தப் பொடியைச் சுமந்தவர்களுக்கும் அரைத்தவர்களுக்கும் பூசியவர்களுக்கும் வயிறு முறுக்கும். மணிக்கட்டு செயலிழந்து தொங்கும். லண்டனின் ஈய ஆலைகளில் வேலை செய்து நஞ்சேறிய ஏழைப் பெண்களைப் பற்றி டிக்கன்ஸ் 1868இல் எழுதினார். கட்டடங்களின் உட்புறம் ஈய வெள்ளை பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இல்தான் கொண்டுவந்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை அமெரிக்கா 1978இல் தடுத்தது. 1801இலேயே ஈயம் தேவைப்படாத ஒரு செய்முறை அச்சில் இருந்தது. அது ஊரெல்லாம் எடுத்துக்கொண்ட வழி அல்ல, கைவிட்ட வழி.

முன்னோர்கள் எல்லோரும் பாலைத்தான் பூசினார்கள் என்ற கதை இந்தக் கைவிடலை மறைக்கிறது. நஞ்சு வரலாற்றிலிருந்து கழுவப்படுகிறது, அதோடு அந்தத் தொங்கிய மணிக்கட்டுகளும். பழமையைக் கொண்டாடுவதே வேலை செய்தவர்களை மறப்பதற்கான வழியாகிவிடுகிறது. இது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற காரியமும் அல்ல.

இன்னொன்றும் உண்டு. ‘பழைய தோற்றம்’ வேண்டுமென்றால் பழைய சாமானைத் தேய்த்துவிட்டுப் பால் பெயின்ட் பூசு என்கிறார்கள். தேய்க்கும்போது கிளம்புகிற தூசிதான் உண்மையான பழமை. அதில் ஈயம் இருக்கக்கூடும். கை பட்டுப் பட்டுத் தேய வேண்டிய விளிம்பை உப்புத்தாளால் ஒரு மணியில் தேய்க்கிறோம். உழைப்பில்லாத தேய்மானம் இது.

இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசிய கதவும் ஜன்னலும் நம் வீடுகளில் அப்படியே நிற்கின்றன. இதையெல்லாம் ஆசாரி அண்ணனிடம் சொன்னேன். அவருடைய தம்பி பெயின்டர். பொங்கலுக்குப் பொங்கல் ஊரில் உள்ள பழைய கதவுகளைச் சுரண்டித் தேய்ப்பவர்.

“மூக்குல துண்டு கட்டுவாரா?” என்று கேட்டேன்.

“அவன் எங்க கட்டுறான். சாப்பாட்டையே அந்தத் தூசிக்குள்ளதான் உக்காந்து சாப்புடுவான்” என்றார். கொஞ்ச நேரம் முக்காலியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “தண்ணி தொட்டுத் தேய்ச்சா தூசி பறக்காதுல்ல?” என்று கேட்டார்.

பறக்காது என்றேன். கை கழுவாமல் சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னேன்.