ரைன் பொன்னும் அதன் மாற்றும்: பாடன் டுக்காட்டுகளின் பொறிப்பு பற்றி

ஜெர்மன் அரசுகளின் ஆற்றுப்பொன் காசுகளைச் சேகரிப்பவர்களும் ஆராய்பவர்களும் ஃப்ரான்ஸ் கிர்ஷ்ஹைமரின் அடைவைத் தொடாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. 1972இல் வெளிவந்த அந்த விளக்க அடைவு, ஜெர்மன் ஆறுகளின் மணலில் அரித்தெடுத்த பொன்னால் அச்சிடப்பட்ட காசுகளை ஒரே நூலுக்குள் கொண்டுவந்தது. இன்றும் ஏலப் பட்டியல்கள் அதன் எண்ணைச் சொல்லித்தான் காசை அடையாளம் காட்டுகின்றன. அந்த உழைப்புக்கு நானும் கடன்பட்டவன். ஆயினும் அந்த அடைவின் அடிப்படையிலேயே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிர்ஷ்ஹைமர் நிலவியலாளர், பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தின் நிலவியல் துறைக்குத் தலைமை தாங்கியவர். உலோகம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதே நிலவியலாளரின் முதற்கேள்வி. அந்தக் கேள்வியைக் கொண்டு காசுகளை வகுத்தால் டான்யூப், இன், ஈசர், ரைன் ஆகிய நான்கு ஆறுகளின் பொன்னும் ஒரு குடும்பமாகிவிடுகிறது. 1756இல் மியூனிக்கில் அச்சான காசும் 1852இல் கார்ல்ஸ்ருஹேயில் அச்சான காசும் அடுத்தடுத்த வீட்டு உறவினர் போல் நிற்கின்றன. இந்த வரிசையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு முடிவு தானாக வந்துவிடும்: இவை அனைத்தும் ஆட்சியாளர் தம் நாட்டு ஆற்றின் வளத்தைப் பெருமையாகக் காட்ட அடித்த காட்சிக் காசுகள், பெயருக்கு டுக்காட் என்னும் பொற்காசு, தன்மையில் பதக்கம். விற்பனைக் குறிப்புகளில் இந்த வாசிப்பு இன்று நிலைபெற்றுவிட்டது. அதைக் கிர்ஷ்ஹைமர் மீது முழுவதுமாக ஏற்றுவது நியாயமாகாது. ஆனால் அவர் கட்டிய சட்டகம்தான் அதற்கு இடம் கொடுத்தது.

உலோகத்தின் பிறப்பிடத்தை விட்டுவிட்டு, காசு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டால் இந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை இலத்தீனில் ஆற்றின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. மற்றொன்று ஜெர்மன் மொழியில் தன் மாற்றையும், அதாவது பொன்னின் தூய்மை அளவையும், சொல்கிறது. இந்த வேறுபாடு ஆற்றின் வேறுபாட்டைவிட முக்கியமானது என்பது என் கருத்து.

இலத்தீன் கிளையைச் சுருக்கமாகக் காண்போம்; அதுபற்றி எழுதப்பட்டவை ஏராளம். பவேரியாவின் மூன்றாம் மாக்ஸ் யோசஃப் 1756இல் டான்யூப், இன், ஈசர் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி டுக்காட் வெளியிட்டார். ஆற்றுத் தெய்வம் சாய்ந்து கிடக்க, ‘எக்ஸ் ஆவ்ரோ டனுபீ’, அதாவது டான்யூபின் பொன்னிலிருந்து, என்ற வகையில் வாசகமும் ரோமன் எண்களில் ஆண்டும் பொறிக்கப்பட்டன. ரைன் பலட்டினேட்டின் கார்ல் தியோடோர் 1763 முதல் வெளியிட்ட டுக்காட்டுகளில் மன்ஹைம் நகரமும் ரைன் ஆறும் காட்சி தருகின்றன. ‘சிக் ஃபுல்கெந்த் லித்தோரா ரேனி’, ரைன் கரைகள் இவ்வாறு ஒளிர்கின்றன, என்பது அவற்றின் வாசகம். 1777 இறுதியில் மாக்ஸ் யோசஃப் வாரிசின்றி இறக்க, பவேரியாவும் கார்ல் தியோடோரின் கைக்கு வந்தது. அதன்பின் அவர் பெயரிலேயே பவேரிய ஆறுகளின் டுக்காட்டுகளும் வெளிவந்தன. பாடன்-டுர்லாக்கின் கார்ல் ஃப்ரீட்ரிக்கும் 1760களில் ரைன் மணலைப் போற்றும் இலத்தீன் வாசகத்துடன் டுக்காட் அடித்தார். இவற்றைப் பதக்கத்தின் தன்மை கொண்டவை என்று சொல்வதில் எனக்குத் தடையில்லை.

தடை பாடனின் அடுத்த வரிசையில் எழுகிறது. பெருங்கோமகன் லியோபோல்ட் காலத்தில், 1832 முதல் 1852 வரை, கார்ல்ஸ்ருஹே அக்கசாலையில் அச்சான ரைன்பொன் டுக்காட் அது. முகப்பில் லியோபோல்டின் தலை. பின்புறம் முடி தாங்கிய பாடன் கேடயம். ஆற்றுத் தெய்வம் இல்லை, நகரக் காட்சி இல்லை, ஒளிரும் கரை இல்லை. சுற்றி ஓடும் ஜெர்மன் வாசகத்தின் பொருள் இதுதான்: ஒரு டுக்காட், ரைன் பொன்னால், ‘22 கே 6 ஜி’ மாற்றில். ஆண்டு சாதாரண எண்களில் இருக்கிறது. காசைச் சாய்த்துப் பிடித்து எழுத்தைத் தொடர்ந்து சென்றால் கண் கடைசியில் வந்து நிற்பது மாற்றைச் சொல்லும் எண்களில்தான். கிர்ஷ்ஹைமரின் சட்டகத்தில் ‘ரைன் பொன்னால்’ என்ற பகுதிக்கே எடை. எண்கள் அங்கே வெறும் தொழில்நுட்பக் குறிப்பு. நான் எண்களிலிருந்து தொடங்குகிறேன்.

கே என்பது காரட், ஜி என்பது கிரேன். ஜெர்மன் கணக்கில் கலப்பில்லாத பொன் 24 காரட், ஒரு காரட்டுக்கு 12 கிரேன். ஆக 22 காரட் 6 கிரேன் என்பது 24இல் 22½, அதாவது ஆயிரத்தில் 937.5 பங்கு பொன். டுக்காட் என்ற பெயருக்கு உரிய மாற்று இதுவன்று. 1559ஆம் ஆண்டுப் பேரரசு நாணயச் சட்டம் நிறுவிய டுக்காட் 23 காரட் 8 கிரேன் மாற்று. கொலோன் மார்க் எடைக்கு 67 காசு. ஒரு காசு 3.49 கிராம், அதில் தூய பொன் 3.44 கிராம். பாடன் காசு 3.49 கிராம் எடையிலேயே 22 காரட் 6 கிரேன் மாற்றில் அடிக்கப்பட்டிருந்தால் தூய பொன் 3.27 கிராம்தான் தேறும். வாங்குபவருக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு இழப்பு.

ஆனால் அக்கசாலை அப்படிச் செய்யவில்லை. பட்டியல்கள் பாடன் ரைன் டுக்காட்டுக்குத் தரும் எடை ஏறத்தாழ 3.67 கிராம். அதை 0.9375ஆல் பெருக்கினால் கிடைப்பது 3.44. மாற்றில் குறைந்ததை எடையில் ஈடுசெய்து, டுக்காட்டில் இருக்க வேண்டிய தூய பொன்னை இம்மி பிசகாமல் வைத்திருக்கிறார்கள். பெருமைக்காக அடிக்கும் பதக்கத்துக்கு இந்தக் கணக்கு எதற்கு? பரிசாகக் கொடுத்துப் பேழையில் பூட்டி வைக்கும் பொருளில் கிராமின் நூற்றில் ஒரு பங்கு வரை ஈடுசெய்ய எவரும் மெனக்கெட மாட்டார்கள். கைமாறும்போது டுக்காட்டாகவே மதிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் இந்த எடையில் வெளிப்படையாக இருக்கிறது.

அப்படியானால் பொன்னைப் புடமிட்டு வழக்கமான மாற்றுக்கு ஏன் ஏற்றவில்லை? இங்கே நிலவியல் எனக்குத் துணை வருகிறது. பிரெஞ்சு நிலவியலாளர் டோப்ரே 1846இல் ரைன் பொன்னைப் பற்றி எழுதிய ஆய்வில் அதன் மாற்றை ஆயிரத்தில் 934 என்று தருகிறார், எஞ்சியது வெள்ளி. ஆற்றங்கரையில் பொன் அரிப்பவர்கள் சாய்பலகையில் துணி விரித்து, மணலை வாரிப் போட்டு, நீரை விட்டு, துணியில் தங்கிய நுண்தகடுகளைப் பாதரசத்தில் சேர்ப்பார்கள். பாதரசக் கலவையைத் தோலில் பிழிந்து, சூட்டில் பாதரசத்தை ஓட்டினால் பொன் நிற்கும். இந்த முறை மணலைப் பிரிக்கும், வெள்ளியைப் பிரிக்காது. வெள்ளியைப் பிரிக்க அமிலம் வேண்டும், செலவும் சேதாரமும் உண்டு. சிறிது சிறிதாக வந்து சேரும் பொன்னுக்கு அந்தச் செலவு கட்டாது. ஆகவே ஆறு தந்த மாற்றிலேயே காசை அடித்தார்கள் என்பதே என் முடிவு. காசில் காணும் 22 காரட் 6 கிரேன், அக்கசாலை தன் விருப்பத்துக்குத் தேர்ந்த எண் அன்று. அது ஆற்றின் மாற்று.

இந்த வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. 934க்கும் 937.5க்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதாயினும், காசுக் கணக்கில் அது புறக்கணிக்கத்தக்கது அன்று. காசு இயல்பான மாற்றைவிடச் சற்று உயர்ந்து நிற்கிறது. வெவ்வேறு கரைகளிலிருந்து வந்த பொன்னின் மாற்று சற்று ஏறியிறங்கியிருக்கலாம். அவற்றைச் சேர்த்து உருக்கும்போது சிறிது தூய பொன் கூட்டி அரைக் காரட் என்ற வசதியான எண்ணுக்குக் கொண்டுவந்திருக்கலாம். டோப்ரேயின் எண் அவர் சோதித்த மாதிரிகளுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கலாம். தூய பொன் கூட்டியிருக்கலாம் என்ற வழியை நான் நம்புகிறேன். காரணம், அரைக் காரட் என்பது எடுத்தெழுதவும் சரிபார்க்கவும் எளியது. நிறுவ இயலும் என்று சொல்லமாட்டேன்.

மாற்றைக் காசிலேயே எழுத வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெளிவாகிறது. டுக்காட் என்று சொல்லிக் கொடுத்த காசை ஒரு பொற்கொல்லர் உரைகல்லில் இழுத்தால் வழக்கமான டுக்காட்டின் உரை வராது. வெள்ளி கலந்த வெளிறிய கோடு வரும். காரணம் தெரியாதவர் அதைக் கள்ளக்காசு என்று ஒதுக்குவார். பொறிப்பு அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை சொல்கிறது: இது ரைன் பொன், அதனால் இந்த மாற்று. ‘ரைன் பொன்னால்’ என்ற பகுதியும் இங்கே பெருமைப் பேச்சாக நிற்கவில்லை. அடுத்து வரும் எண்ணுக்குக் காரணம் சொல்கிறது. கிர்ஷ்ஹைமரின் வரிசை பிரித்து வைத்த இரண்டு பகுதிகளும் ஒரே வாக்கியமாகச் சேர்ந்து வாசிக்கப்பட வேண்டியவை.

இத்தகைய வாக்கியம் பொற்காசில் புதிதாகத் தோன்றலாம். வெள்ளிக் காசில் அது பழையது. ஆஸ்திரியாவும் பவேரியாவும் 1753இல் செய்த நாணய உடன்பாட்டுக்குப் பின், ஒரு மார்க் தூய வெள்ளிக்குப் பத்து டாலர் என்ற கணக்கைக் காசின் மேலேயே ஜெர்மன் மொழியில் பொறிப்பது தெற்கு ஜெர்மன் அரசுகளில் பரவியது. பிரஷ்யாவின் டாலர்கள் ஒரு மார்க்குக்குப் பதினான்கு என்று சொல்லின. இன்னும் நெருங்கிய முன்னோடி ஒன்று உண்டு. பிரஷ்யா 1826 முதல் மான்ஸ்ஃபெல்ட் சுரங்க வெள்ளியில் அடித்த டாலர்களில் ‘மான்ஸ்ஃபெல்ட் சுரங்கத் தொழிலின் அருட்பேறு’ என்ற பொருளில் ஜெர்மன் வாசகமும், பதினான்கு டாலர் கணக்கும் ஒரே பக்கத்தில் உள்ளன. உலோகத்தின் பிறப்பிடமும் தரமும் மக்கள் பேசும் மொழியில் ஒன்றாக வருவது பாடனுக்கு ஆறாண்டு முன்பே வெள்ளியில் நடந்துவிட்டது. பழைய ஹார்ட்ஸ் சுரங்க டாலர்களில் படமும் புகழ்ச்சியும் மேலோங்கின. மான்ஸ்ஃபெல்ட் டாலரில் வாசகமுள்ள பக்கத்தில் படமே இல்லை, எழுத்து மட்டும். பாடனின் ரைன் டுக்காட்டின் பின்புறம் கேடயம் தவிர மற்றதெல்லாம் எழுத்து.

கார்ல்ஸ்ருஹே அக்கசாலையார் மான்ஸ்ஃபெல்ட் டாலரைப் பார்த்துத்தான் இந்த வாசகத்தை அமைத்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்று என் கையில் இல்லை. ஆனால் அக்கசாலை 1827இல் தொடங்கப்பட்டது. அங்கே பணிபுரிந்தவர்கள் நாள்தோறும் கையாண்ட வெள்ளிக் காசுகள் தம் தரத்தைத் தாமே சொல்லிய காசுகள். அந்தப் பழக்கம் பொற்காசுக்குத் தாவியது என்று கொள்வது, ஆற்றுத் தெய்வங்களின் மரபு திடீரென்று எண்களாக மாறியது என்று கொள்வதைவிட எளிதாக நம்பத்தக்கது. ஆகவே பாடன் டுக்காட்டின் மூதாதையை இன், ஈசர் டுக்காட்டுகளிடம் தேடுவதைவிட வெள்ளி டாலர்களிடம் தேடவேண்டும் என்பது என் துணிபு.

என் கருத்துக்கு வலுவான மறுப்பு பவேரியாவிலிருந்து வருகிறது. 1816இல் ரைனின் இடக்கரைப் பலட்டினேட் பவேரியாவுக்குக் கிடைத்தது. முதலாம் லூத்விக் 1842இலும் 1846இலும் ரைன் பொன் டுக்காட் வெளியிட்டார். அதில் ஸ்பையர் நகரக் காட்சி, ‘ஆவ்குஸ்தா நெமெத்தும்’ என்ற அதன் இலத்தீன் பெயர், ரைனின் பொன்னிலிருந்து என்ற பழைய வாசகம். அதே ஆறு, அதே பத்தாண்டு. எதிர்க்கரையில் பாடன் தன் மாற்றைச் சொல்லிக்கொண்டிருக்க, பவேரியா பழைய முறையிலேயே நிற்கிறது. காலம் மாறியதால் பொறிப்பு மாறியது என்று நான் சொல்லியிருந்தால் இந்தக் காசு என்னை வீழ்த்திவிடும். நான் சொல்வது வேறு. இரண்டு கிளைகளும் ஒரே காலத்தில் இரண்டு நோக்கங்களோடு இருந்தன. இதில் பவேரியக் காசு எனக்கே சான்றாகிறது: ஆறு ஒன்றாயிருந்தும் காசு வேறாக இருப்பதால், ஆற்றை வைத்து வகுப்பது போதாது.

ஆண்டுகளைப் பற்றியும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. டுல்லா என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி மேல் ரைனை நேராக்கும் பணி 1817இல் தொடங்கி 1876 வரை நடந்தது. வளைவுகள் வெட்டப்பட்டன; புதிய சரளைத் திட்டுகள் கரைந்து, பொன் படிந்த மணல் சிறிது காலம் எளிதாகக் கிடைத்தது, பின்னர் திட்டுகளே மறைந்தன. டுக்காட் வரிசை தொடங்கிய ஆண்டை இந்தப் பணியோடு முடிச்சுப் போடும் ஆசை எழுகிறது. அதைச் செய்யமாட்டேன். காசில் உள்ள ஆண்டு அச்சின் ஆண்டு. பொன் அரித்த ஆண்டு அன்று. சிறிது சிறிதாகச் சேர்ந்த பொன் அக்கசாலையில் எவ்வளவு காலம் காத்திருந்து உருகியது என்பதைக் காசு சொல்வதில்லை. முடிவு மட்டும் ஓரளவு புரிகிறது: லியோபோல்ட் 1852இல் மறைந்தார். 1857ஆம் ஆண்டு வியன்னா நாணய உடன்படிக்கை, 10 கிராம் தூய பொன் கொண்ட குரோனை ஜெர்மன் அரசுகளின் பொற்காசாக்கியது. அதன்பின் டுக்காட் என்ற அளவுக்கே பாடனில் இடமில்லாமற் போயிற்று.

இதன் நடைமுறை விளைவு சேகரிப்பாளர்களுக்கு உரியது. ரைன் பொன் டுக்காட்டுகளுக்குப் பிற்காலப் பிரதிகளும் உண்டு. பாடன் வரிசையில் ஒரு காசு 3.49 கிராம் நின்றால், அது வழக்கமான டுக்காட் எடை என்று மகிழாமல், அதையே ஐயத்துக்குக் காரணமாகக் கொள்ள வேண்டும். உண்மைக் காசு அதைவிடக் கனத்திருக்க வேண்டும், வெள்ளியின் வெளிறல் நிறத்தில் தெரிய வேண்டும். ஏலப் பட்டியல் எழுதுவோரும் அருங்காட்சியகக் காப்பாளர்களும் ஆற்றின் பெயரோடு நிறுத்தாமல் ஒவ்வொரு காசின் எடையையும் நூற்றில் ஒரு கிராம் வரை அச்சிட வேண்டும். முடிந்த இடங்களில் காசைச் சிதைக்காத கதிர்முறைச் சோதனையில் அதன் வெள்ளிப் பங்கையும் அளந்து வெளியிட வேண்டும். 934க்கும் 937.5க்கும் நடுவிலுள்ள கேள்வி அந்த அளவுகள் வந்தால்தான் தீரும்.