இரத்தமும் முட்கம்பியும்

மொன்றியலில் நாங்கள் கோப்பை கழுவிய றெஸ்ரோறன்ற் ஒன்றில் ஹெயிட்டி நாட்டவர் ஒருவரும் எங்களுடன் வேலை செய்தார். "வந்திறங்கியதும் உங்களிடமும் இரத்தம் எடுத்தார்களா?" என்று ஒருநாள் கேட்டார். எடுத்தார்கள். எதற்கென்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேள்வி கேட்பது அதிகாரியின் வேலை, பதில் சொல்வது அகதியின் வேலை என்றிருந்தோம். அவர் ஏன் கேட்டார் என்பது அவரது மக்களின் வரலாற்றை அறிந்தபோதுதான் விளங்கியது.

1983இல் அமெரிக்கச் சுகாதாரத்துறை, எயிட்ஸ் ஆபத்துக்குரியவர்களின் பட்டியலில் ஹெயிட்டியரைச் சேர்த்தது. ஒரு தேசமே நோயின் பெயராயிற்று. 1985இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், பழி போகவில்லை. அதே வருடம் வந்த எச்.ஐ.வி பரிசோதனை, தானமாகக் கிடைக்கும் இரத்தத்தைப் பாதுகாக்கவே அனுமதிக்கப்பட்டது. 1987இல் அதுவே எல்லைக் கதவின் பூட்டானது: தொற்றுள்ள வெளிநாட்டவருக்கு அமெரிக்காவில் இடமில்லை.

1991 செப்ரெம்பரில் ஹெயிட்டி இராணுவம் ஜனாதிபதி அரிஸ்ரிட்டைக் கவிழ்த்தது. படகேறித் தப்பியவர்களைக் கடலில் மறித்து, கியூபாவிலுள்ள குவாந்தனாமோ தளத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டனர். அஞ்சுவதற்கு நியாயமுண்டு என்று ஏற்கப்பட்டவர்களிடம் இரத்தம் எடுக்கப்பட்டது. தொற்றில்லாதவர் அமெரிக்கா போனார். தொற்றுள்ளவர் குடும்பத்துடன் முட்கம்பிக்குள் இருந்தார். அப்படி இருநூறுக்கும் அதிகமானோர்.

பொதுச் சுகாதாரத்துக்காக என்றது அரசு. அந்த நாட்டுக்குள் ஏற்கெனவே இலட்சக்கணக்கானோர் தொற்றுடன் வாழ்ந்தனர். அவர்களை யாரும் வேலிக்குள் அடைக்கவில்லை. முகாமில் போதிய சிகிச்சையும் இல்லை. கடும் நோயாளிகளை வெளியேற்றுங்கள் என்று இராணுவ வைத்தியர்களே கேட்டும் குடிவரவுத் திணைக்களம் அசையவில்லை.

1993 யனவரியில் அகதிகள் உண்ணாவிரதம் தொடங்கினர். யூன் 8ஆம் திகதி நியூயோர்க் நீதிபதி ஸ்ரேர்லிங் ஜோன்சன், இது எச்.ஐ.வி சிறைமுகாம் என்று கூறி விடுவிக்க உத்தரவிட்டார். அம்மாதமே அவர்கள் அமெரிக்கா சேர்ந்தனர். ஆனால் 1994இல் ஓர் இணக்கத்தின்படி அத்தீர்ப்பு இரத்துச் செய்யப்பட்டது. பின்வருவோர் அதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாமற் போயிற்று. நுழைவுத் தடையோ 2010 வரை நீடித்தது.

பரிசோதனையை நாங்கள் எதிர்க்கவில்லை. தனக்கு நோயிருப்பதை அறிந்தவனே மருந்தைத் தேடலாம். ஆனால் அவனிடம் முதலில் கேட்கவேண்டும். முடிவை அவனிடம் சொல்லவேண்டும். அதன்பின் அவனுக்கு வைத்தியம் கிடைக்கவேண்டும். குவாந்தனாமோவில் முடிவுக்குப் பின் கிடைத்தது வேலி.

எங்களிடம் எடுத்த இரத்தத்தில் என்ன தேடினார்கள் என்பது இன்றும் எங்களுக்குத் தெரியாது. கேட்டிருக்கவேண்டும்.