குழியிலிருந்து கேசுவாலிட்டி வரை: பாலாற்றுத் தோல் வட்டாரத்தில் மருத்துவமனைத் தயார்நிலை

2015 ஜனவரி 31 அதிகாலை இருட்டில், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையிலுள்ள பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. அடுத்திருந்த தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். இந்தியாவின் பெயர்பெற்ற மருத்துவமனைகளுள் ஒன்றான வேலூர் சி.எம்.சி. அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்துப் பேர் விஷயத்தில் எந்த மருத்துவமனையும் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

இத்தகைய சாவுகளைப் பற்றிப் பேசும்போது, "இது தடுப்பின் தோல்வி, மருத்துவமனையை இதில் இழுப்பானேன்?" என்று கேட்பார்கள். தொட்டி உடைந்த நிகழ்வுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். இந்த வட்டாரத்தில் ஆண்டுதோறும் செய்தியாகிற விபத்து வேறு வகை. கழிவுத் தொட்டியையோ குழியையோ சுத்தம் செய்ய ஒருவர் இறங்குகிறார், மயங்கிச் சாய்கிறார். தூக்கிவிடப் போன இரண்டாமவரும் சாய்கிறார், சில வேளை மூன்றாமவரும். வெளியே இழுத்துப் போடும்போது அவர்களில் ஒருவருக்காவது மூச்சு இருப்பதுண்டு. அந்த ஒருவர் பிழைப்பாரா என்பதை முதலில் சென்று சேரும் மருத்துவமனையும், அங்கு பணியிலிருப்பவருக்கு என்ன தெரியும் என்பதும் தீர்மானிக்கின்றன. இந்த வட்டாரத்தில் பேரிடர்த் தயார்நிலையைப் படுக்கைகளின் எண்ணிக்கையாலோ பெரிய மருத்துவமனையின் திறத்தாலோ அளப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். தொழிற்சாலையில் என்ன இருக்கிறது என்ற தகவல், அடிபட்டவர் வருவதற்கு முன்பே தாலுகா மருத்துவமனையில் இருக்கிறதா என்பதே சரியான அளவுகோல்.

முதலில் நிலப்படத்தைப் பார்ப்போம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் அக்கம்பக்கத்தையும் தொட்டுக்கொண்டு தோல் பதனிடும் ஊர்கள் நீள்கின்றன. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தபோது இந்தத் தொழில் வட்டாரமும் மூன்று நிர்வாகங்களுக்குள் சிதறிப்போனது. உயர் சிகிச்சை இடங்களோ கிழக்குப் பக்கம் குவிந்திருக்கின்றன. ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. வேலூர் நகரில் இருக்கிறது. அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அடுக்கம்பாறையில் இருக்கிறது. 2022இல் திறக்கப்பட்ட சி.எம்.சி.யின் புதிய வளாகம் ராணிப்பேட்டைப் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் அமைந்திருக்கிறது. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வாணியம்பாடியிலிருந்து இன்னும் தூரம். மூச்சுத் தடுமாறும் ஒருவரை "வேலூருக்குக் கொண்டுபோ" என்று அனுப்புவது, இந்த மேற்குப் பக்கத்தைப் பொறுத்தவரை, அவர் உயிரைச் சாலையின் பொறுப்பில் விடுவதுதான்.

குழிக்குள் நடப்பது என்ன? தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை சல்பைடு பெரும்பாலும் நீரிலேயே கரைந்து கிடக்கும். அடுத்த கட்டத்தில் தோலை அமிலத்தில் ஊறவைத்துக் குரோமியம் ஏற்றுகிறார்கள். அந்த அமிலக் கழிவு சல்பைடுக் கழிவோடு ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத தொட்டியில் தங்கிய கசடிலும் நுண்ணுயிர்கள் இதே வாயுவை உண்டாக்கும். இது காற்றைவிடக் கனமானது. அடியில் தேங்கி நிற்கும். மேலிருந்து பார்க்கையில் அமைதியாகத் தெரியும் தொட்டியில் ஒருவர் இறங்கிக் கசடைக் கிளறியதும் வாயு ஒரேயடியாக விடுபடுகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போகத் தொடங்கும். நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரமே மிகக் கொடிய நேரம். 500 பங்கைத் தாண்டி மேலே போகப் போக, சில மூச்சுகளிலேயே ஆள் சுருண்டு விழக்கூடும்.

இந்த வாயு உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியையே அடைக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடல் அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே, மூச்சு ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றலாம். அவர் உடம்பிலுள்ள வெள்ளிப் பொருள், இடுப்பு அரைஞாணோ கைக்காப்போ, கருத்திருந்தால் அது ஒரு துப்பு. நனைந்த உடையை உடனே களைந்து, உடம்பைத் தண்ணீரால் கழுவி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். தவறினால் செவிலியருக்கும் கண்ணெரிச்சலும் தலைச்சுற்றலும் வரும். வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது. பையால்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். அரை மணியில் தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சோடியம் நைட்ரைட்டு போன்ற மாற்று மருந்துகளின் பயன் குறித்து மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தருவதானாலும் மிக விரைவில் தர வேண்டும். முழு ஆக்சிஜன், மூச்சுக்குழாய் போடத் தெரிந்த கை, ஒரு வென்டிலேட்டர், ஒரு நாளாவது கண்காணிக்க இடம் ஆகியவையே அடிப்படைச் சிகிச்சை. தாலுகா மருத்துவமனையால் இவற்றில் பெரும்பகுதியைத் தர முடியும். என்ன வாயு, எவ்வளவு நேரம், எத்தனை பேர் என்ற செய்திதான் அங்கு வந்து சேர்வதில்லை. கிடைத்த வண்டியில் ஆளைப் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர் கூட வருவதில்லை.

போபால் நச்சு வாயுக் கசிவு கற்றுத் தந்த பாடமும் இதுவே. 1984 டிசம்பர் 2–3 இரவில் ஹமீதியா மருத்துவமனையில் குவிந்தவர்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்கள் அது என்ன வாயு, அதற்கு என்ன மருந்து என்று தெரியாமல் திணறினர். அதன்பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான செயல்முறை கொண்ட தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலும் இடம்பெற்றது. ஆபத்து பற்றிய தகவலைத் தொழிலாளருக்கும், தலைமை ஆய்வாளருக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 41-பி பிரிவு சொன்னது. அந்த வரிசையில் மருத்துவமனையின் பெயர் இல்லை. நச்சு வாயு தங்கக்கூடிய குழியில் சோதனையும் பாதுகாப்பும் இன்றி எவரும் இறங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 36ஆம் பிரிவு பல பத்தாண்டுகளாகவே சொல்லிவந்தது.

1989, 1996ஆம் ஆண்டுகளின் ரசாயன விபத்து விதிகளில் உள்ள ஓட்டை வேறு மாதிரியானது. எவ்வளவு ரசாயனம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே அவை பேராபத்து நிலையங்களை அடையாளம் காண்கின்றன. மாவட்ட நெருக்கடிக் குழுக்களின் கவனமும் அங்கேதான் குவிகிறது. தோல் தொழிற்சாலை ஹைட்ரஜன் சல்பைடைச் சேமிப்பதில்லை. அது கழிவுத் தொட்டியில் தானாக உருவாகிறது, அன்றைக்கு, அந்த நேரத்தில். டன் கணக்கில் எண்ணும் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு ஆள் உயரத் தொட்டி தெரியாது. கொல்வதென்னவோ அந்தத் தொட்டிதான். தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொள்ள 2020இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்பின் கீழான மாநில விதிகளில், தகவல் பெறுவோர் வரிசையில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையையும் சேர்ப்பது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரிக்காகப் போராடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைப் பாதுகாப்புக் குறியீடும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட மருத்துவமனைப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களும் பயனுள்ளவை. 2011இல் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனைத் தீயை நினைத்தால் அவற்றின் அவசியம் விளங்கும். ஆக்சிஜன் விஷயத்திலும் அப்படியே. 2021 ஏப்ரலில் அடுக்கம்பாறையில் ஒரே நாளில் 7 நோயாளிகள் இறந்தபோது ஆக்சிஜன் தடைப்பட்டதாக உறவினர்கள் குற்றம்சாட்டினர், நிர்வாகம் மறுத்தது. உண்மை எதுவாயினும், குழாயில் ஓடும் ஆக்சிஜனை மக்கள் கவனிக்கத் தொடங்கிய காலம் அது. ஆயினும் மருத்துவமனையின் சுவரும் மின்சாரமும் குழாயும் பேரிடரைத் தாங்குமா என்பதில்தான் இந்த அளவுகோல்களின் கவனம் பெரிதும் இருக்கிறது. சுவருக்கு வெளியே அரை கிலோமீட்டரில் எந்தத் தொட்டியில் என்ன கலக்கிறது என்பதை மருத்துவமனைக்கு யார் சொல்வது என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டால் இதைச் செய்ய முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. விபத்துச் சிகிச்சைக்கான மாநிலத் திட்டம் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளியை வகைபிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் யாராயினும், எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை உண்டு. தனியார் மருத்துவமனைகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. நெடுஞ்சாலையில் லாரி மோதினால் கிடைக்கும் அந்த உறுதி, அதே சாலையோரத் தொழிற்சாலையின் குழியில் விழுந்தவருக்கும் கிடைக்க வேண்டாமா? திட்டத்தைத் தொழிற்சாலை வாயு விபத்துக்கும் விரிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தகவல் ஓடும் வழியை அமைப்பதிலும் இந்த மண்ணுக்கு முன்னனுபவம் உண்டு. பேராசிரியர் டி. ஜேக்கப் ஜானும் சி.எம்.சி. சகாக்களும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை உருவாக்கினார்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவரானாலும், பட்டியலிலுள்ள நோயைப் பார்த்ததும் அச்சிட்ட அஞ்சலட்டையில் எழுதிப் போட வேண்டும், அவ்வளவுதான். அட்டைகள் ஓரிடத்தில் சேர்ந்தன. சுகாதாரத் துறைக்கு உடனே செய்தி போனது. மாதந்தோறும் ஒரு தகவல் மடல் எல்லோருக்கும் திரும்பி வந்தது. 1998இல் 'லான்செட்' இதழ் அந்த அனுபவத்தை வெளியிட்டது. அனுப்பிய தகவலுக்குப் பதில் வந்ததால்தான் தனியார் மருத்துவரும் அதில் நிலைத்தார் என்று நான் கருதுகிறேன். இன்றைய செயலிகளும் இணையப் படிவங்களும் பெரும்பாலும் மேலே மட்டுமே போகின்றன.

அதே முறையை இந்தக் கேட்டுக்கும் கொண்டுவரலாம். ஒவ்வொரு தொழிற்சாலையும் சுத்திகரிப்பு நிலையமும் ஒரு பக்கத் தாள் எழுதட்டும்: என்ன ரசாயனங்கள், எத்தனை தொட்டிகள், அவை எங்கே, இரவில் வளாகத்தில் தங்குவோர் எத்தனை பேர், அவர்கள் பேசும் மொழி என்ன, அழைத்தால் எடுக்கும் தொலைபேசி யாருடையது. அத்தாள் ஆம்பூர், வாணியம்பாடி, வாலாஜா அரசு மருத்துவமனைகளின் கேசுவாலிட்டி மேசையில் இருக்கட்டும். தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளில் முன்கூட்டியே மருத்துவமனைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு அழைப்பு போகட்டும். பூச்சிமருந்து நச்சு சிகிச்சையில் பல பத்தாண்டு அனுபவமுள்ள சி.எம்.சி.யின் மூத்த மருத்துவர் ஒருவர், இரவு 2 மணிக்கும் தாலுகா மருத்துவரின் அழைப்பை எடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

வெள்ளம் இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்குகிறது. மணல் மட்டுமே தெரியும் பாலாற்றைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு 1903 நவம்பர் வெள்ளம் வாணியம்பாடியின் நினைவுத் தூணாக மட்டுமே தெரியும். அதில் ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். 2021 நவம்பரில் ஆறு மீண்டும் பெருகியது, தரைப்பாலங்கள் மூழ்கின, பேரணாம்பட்டில் கனமழையில் வீட்டுச் சுவர் இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் மாண்டனர். அக்கரைக்கு ஆம்புலன்ஸ் போக முடியாத அதே நாளில்தான் கசடுத் தொட்டிகளும் நிரம்பி வழியும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற ஒரு லட்சத்துக்கும் அதிகமான டன் குரோமியக் கழிவின் மீதும் அதே மழைதான் பெய்கிறது. வெள்ளத்துக்கு ஒரு திட்டம், ரசாயனத்துக்கு ஒரு திட்டம் என்று தனித்தனிக் கோப்பாக வைத்திருப்பது இங்கே உதவாது.

செலவு யாருடையது? 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே தோல் தொழிற்சாலைகளைப் பற்றித்தான் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடும் மீட்புச் செலவும் தர வேண்டும் என்ற கோட்பாடும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என அது அறிவித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மறுபடியும் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. இழப்பீடு கேடு நடந்த பிறகு வருவது. முன்னெச்சரிக்கை அதற்கு முன் வர வேண்டியது. வாயு அளக்கும் கருவி, தாலுகா மருத்துவமனைக்குக் கூடுதல் வென்டிலேட்டர், ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை ஆகியவற்றின் செலவைச் சுத்திகரிப்பு நிலைய நிறுவனங்கள் தம் உறுப்பினர்களிடம் வசூலிக்கும் கட்டணத்திலிருந்தே எடுப்பது அந்தத் தீர்ப்பின் நேரான நீட்சி.

மிகக் கடினமான தடை பணம் அல்ல, பயம். ஆள் இறந்தால் வழக்கு வரும் என்பதால் உரிமையாளரோ மேற்பார்வையாளரோ மருத்துவரிடம் உண்மை சொல்லத் தயங்குகிறார்கள்; "வழுக்கி விழுந்தார்" என்று சொல்லிக் கொண்டுவந்தால் மருத்துவர் தலைக்காயத்தைத் தேடிக்கொண்டிருப்பார். காவல்துறைக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் கடமை. அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் முதல் ஐந்து நிமிடக் கேள்விகளைச் சிகிச்சைக் குறிப்பாக மட்டுமே பதிய வேண்டும். காவல்துறை விசாரணை அதற்குப் பின் தனியாகத் தொடங்கட்டும். அதே குறிப்பேட்டில் மேற்பார்வையாளர் மருத்துவரிடம் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்பதும் நேரத்தோடு பதிவாகட்டும். சொன்னவருக்கு நீதிமன்றத்தில் அது ஓரளவு துணை நிற்கும். மறைத்தவருக்கு எதிராகப் பேசும். கூட வந்தவர் வங்காளியோ ஒடியரோ ஆனால், "என்ன தொட்டி, எவ்வளவு நேரம், இன்னும் உள்ளே யாராவது உண்டா?" என்ற கேள்விகளை அவர் மொழியில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவைக்க ஒரு மருத்துவமனைக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.