டயர் செருப்பும் ஒரு மாரத்தானும்

போன ஞாயிறு காலை ஐந்தரை மணி. மகர்பட்டா வாயிலில் நிற்கும் காவல்காரர் என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "காய் சாஹேப், பூட் குட்டே?" என்றார். என்ன சார், ஷூ எங்கே என்று அர்த்தம். பதினோரு வருட மராட்டியில் இவ்வளவாவது புரிகிறதே!

காலில் இருந்தது ஒரு ரப்பர் தகடும் ஒரு நாடாவும்தான். கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே புகுந்து, கணுக்காலைச் சுற்றி வந்து முடியும் நாடா. அடியில் மெத்தை கிடையாது, குதிகாலில் உயரம் கிடையாது. இதைப் போட்டுக்கொண்டு ஓடுவது இப்போது உலகம் முழுக்க ஒரு கூட்டத்துக்குப் பிடித்துப்போயிருக்கிறது. பெட்டி தட்டி முதுகு வளைந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய. நானும் ஒருத்தன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். விலையைக் கேட்ட தங்கமணி, "இந்தக் காசுக்கு உங்க அப்பா ஆயுசுக்கும் போட்டிருப்பாரு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அவள் சொன்னது டயர் செருப்பை. கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய லாரி டயரை வெட்டி அடி, டியூபை வெட்டி வார், நாலு ஆணி. முள் ஏறாது, தேயாது. நான் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்தபோது அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். "அந்தப் பக்கமா நில்லுப்பா" என்று அவரை வேப்பமரத்தடிக்கு அனுப்பினேன். பசங்க பார்த்துவிடக் கூடாதே! (கொசுவத்தி போதும், விஷயத்துக்கு வருகிறேன்.)

இந்தியாவின் நெடுந்தூர ஓட்டத்தின் கதை தொடங்குவதே நம்ம புனேயில்தான். சரியாகச் சொன்னால் டெக்கான் ஜிம்கானாவில். இப்போது மெட்ரோ நிலையத்துக்கே அந்தப் பெயர் இருக்கிறது. 1906-ல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் விளையாட்டுப் போட்டிக்கு, முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில், தொழிலதிபர் தொராப்ஜி டாடா வந்தார். அங்கே ஓடியவர்களில் பலர் சுற்றுவட்டாரத்து விவசாயிகள். காலில் ஒன்றுமில்லை. ஓட்டப் பாதையின் விதிமுறைகளும் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஐரோப்பாக்காரர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். டாடா அசந்துபோனார். இந்த நிகழ்ச்சியை அவரே பத்து வருடம் கழித்து, 1929-ல், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். இவர்களை ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பினால் என்ன என்று அப்போதைய பம்பாய் கவர்னரிடம் பேசினார், தன் கைக்காசையும் போட்டார்.

அப்படித்தான் 1920-ல் பெல்ஜியம் நாட்டு ஆன்ட்வெர்ப்புக்கு ஆறு பேர் போனார்கள். நாலு பேர் ஓட்டக்காரர்கள், இரண்டு பேர் மல்யுத்தக்காரர்கள். மாரத்தானில் ஓடியவர்கள் பதேப்பா சௌகுலேயும் சதாசிவ் தாதரும். தாதர் பாதியில் நின்றுவிட்டார். பெல்காம்காரரான சௌகுலே 2 மணி 50 நிமிடம் 45 விநாடியில் முடித்து 19-வது இடம் பிடித்தார். இது சுமார் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த வருட மாரத்தான் வழக்கமான 42.195 கிலோமீட்டர் இல்லை, 42.75. ஜெயித்த பின்லாந்து நாட்டு கோலெமைனனுக்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. இன்று ஜெல்லும் வாட்சும் கட்டிக்கொண்டு ஓடும் நாங்கள் நாலரை மணி நேரத்தில் முடித்தால் அலுவலகத்தில் கேக் வெட்டுகிறார்கள்!

(ஒரு கொசுறு: அடுத்த 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப்போன ஹாரி குரோ பக், சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர். நந்தனம் பக்கம் போகிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.)

வெறுங்காலில் ஓடியவர் என்றால் எல்லோரும் 1960 ரோம் மாரத்தானில் தங்கம் வாங்கிய எத்தியோப்பியாவின் அபெபே பிகிலாவைச் சொல்வார்கள். நம்ம ஊரிலும் ஒருவர் இருந்தார். பீகாரைச் சேர்ந்த ராணுவ வீரர் சிவ்நாத் சிங். 1976 மாண்ட்ரியலில் 11-வது இடம். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். அந்த நேரத்தை நாற்பது வருடத்துக்கு மேல் எந்த இந்தியராலும் தாண்ட முடியவில்லை. 2003-ல் காலமானார். எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சரி, செருப்பு எங்கிருந்து வந்தது? மெக்சிகோவின் மலைப்பள்ளத்தாக்குகளில் வாழும் தராஹுமாரா பழங்குடியினரிடமிருந்து. ஊருக்கு ஊர் ஓடியே போகிறவர்கள். அவர்கள் காலில் இருப்பது வராச்சே. பழைய டயரை வெட்டி, தோல் வார் கோத்தது. அட, நம்ம டயர் செருப்பேதான்! 1993-ல் அமெரிக்காவில் லெட்வில் என்ற மலையூரில் நடந்த நூறு மைல் ஓட்டத்தில், விக்டோரியானோ சூரோ என்ற 55 வயதுக்காரர் இந்தச் செருப்போடு ஓடி முதலில் வந்தார். 2009-ல் கிறிஸ்டோபர் மெக்டூகல் இவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத, அது லட்சக்கணக்கில் விற்க, அதற்குப் பிறகுதான் செருப்புக் கம்பெனிகள் முளைத்தன. 2010-ல் ஹார்வர்டைச் சேர்ந்த டேனியல் லீபர்மேன் குழு, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் மோதும் விசை குறைகிறது என்று காட்டியது. மெத்தை ஷூக்காரர்கள் பெரும்பாலும் குதிகாலில்தான் இறங்குகிறார்கள். இதைப் படித்துவிட்டு மறுநாளே பத்து கிலோமீட்டர் ஓடாதீர்கள். நான் ஓடினேன். ஆடுசதை பிடித்து ஒரு வாரம் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். நூறு மீட்டரில் தொடங்கி மாதக்கணக்கில் ஏற்ற வேண்டும்.

மகர்பட்டாவில் இதையெல்லாம் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் நானூறு ஏக்கர் சொச்சமும் விவசாய நிலம். மகர் குடும்பத்தார் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நிலத்தை விற்றுவிடாமல், ஒன்றுசேர்ந்து பங்குதாரர்களாகி, தாங்களே நகரம் கட்டினார்கள். ஆஷாட ஏகாதசிக்காக இந்த ஹடப்சர் வழியாகத்தான் பண்டரிபுரத்துக்குப் பல்லக்குகள் போகின்றன. ஞானேஸ்வரர் பல்லக்கு திவே காட் ஏறி சாஸ்வட் பக்கம், துக்காராம் பல்லக்கு சோலாப்பூர் சாலையில். மூன்று வார நடை. பல்லக்குக்குள் இருப்பது என்ன தெரியுமா? பாதுகை. ஒரு ஜோடி பாதுகைக்குப் பின்னால் லட்சக்கணக்கான ஜனம். பாதிப் பேர் தேய்ந்த செருப்பு, மீதிப் பேர் வெறுங்கால்.

வெறுங்கால் என்றதும் நம்ம ஓட்டக் குழுவில் ஒரு நண்பர், "அதுதான் நம்ம பாரம்பரியம், முன்னோர்கள் அறிவாளிகள்" என்று ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. என் தாத்தாவும் வெறுங்காலில் நடந்தவர்தான். எங்கள் ஊரில் ஒரு தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த முனையில் மறுபடி மாட்டிக்கொள்வார். சின்ன வயதில் அது ஏதோ கோயில் தெரு என்று நினைத்திருந்தேன். கோயில் எதுவும் இல்லை. இது பழங்கதையும் இல்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில், பட்டியலின மக்கள் ஒரு தெருவில் முதன்முதலாகச் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில்.

டெக்கான் ஜிம்கானாவில் ஓடிய அந்த விவசாயிகளும் குதிகால் அறிவியல் படித்துவிட்டு ஷூவைக் கழற்றியவர்கள் இல்லையே.

ஞாயிறு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு புதுச் செருப்பைப் பற்றிச் சொன்னேன். டயர் செருப்பு மாதிரியேதான் என்றேன். ஹாஸ்டல் வேப்பமரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன், வாய் வரவில்லை. அவர் விலையைக் கேட்கவில்லை. கல் குத்துமா என்று கேட்டார். குத்தாது என்றேன்.

"அதைப் போட்டுக்கிட்டு எந்தத் தெருவுலப்பா ஓடுற?"

"எல்லாத் தெருவுலயும்தான்."

"சரி, பாத்து ஓடு" என்று வைத்துவிட்டார். தீபாவளிக்கு இங்கே வருகிறார். கால் அளவு எட்டு. ஹடப்சரில் டயர் வெட்டித் தைத்துக் கொடுக்கிற ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.