திருகையும் பெட்டி மில்லும்

கம்பு மாவுக்கு ஆயுள் குறைவு. நூறு கிராம் கம்பில் ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. அரிசியிலும் கோதுமையிலும் அவ்வளவு இல்லை. மணி முழுதாக இருக்கும்வரை அந்தக் கொழுப்பும் அதைச் சிதைக்கும் நொதியும் பெரும்பாலும் தனித்தனியே கிடக்கின்றன, உடைந்ததும் சேர்ந்துவிடுகின்றன. சில நாட்களிலேயே மாவு காறத் தொடங்கும். சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் வீட்டில் மாவரைக்க எது தோது என்ற கேள்வியை இந்தக் காறலிலிருந்து தொடங்குவதே முறை. ஒரு பக்கம் பாட்டி வைத்துப்போன திருகை; மறுபக்கம் ஒரு குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய பெட்டி மில்.

திருகையில் மாவின் நயத்தைத் தீர்மானிப்பது இரு கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. பெட்டி மில்லில் அதைத் தீர்மானிப்பது அரைக்கும் அறையைச் சூழ்ந்த சல்லடை. திருகையில் இட்ட மணி, எவ்வளவு பொடிந்திருந்தாலும் ஒரே ஓட்டத்தில் விளிம்புக்கு வந்து விழும். மெஷினிலோ, சல்லடைக் கண்ணில் நுழையும் அளவுக்குப் பொடியாகும்வரை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்றுச் சுழலும் பிளேடு அதை விடாது. முன்னது அரைத்துத் தருகிறது, சலிப்பது நம் வேலை. பின்னது சலித்தே தருகிறது.

இந்த இடத்தில் தராசு மெஷின் பக்கம் சாய்வதுபோல் தோன்றும். ஆனால் உளுந்தையோ பாசிப்பயறையோ பருப்பாக உடைக்கும் நாளில் அது மறுபக்கம் சாய்கிறது. மேல்கல்லைச் சற்றே உயர்த்திக்கொண்டால் திருகை பயறை இரண்டாகப் பிளந்து விட்டுவிடும். பெட்டி மில்லில் பெரிய கண் சல்லடையை மாட்டினால் கஞ்சிக்குக் குருணை கிடைக்கும். முழுப் பருப்பு கிடைக்காது. அடித்து நொறுக்குவது அதன் வேலை, பிளப்பது அன்று.

கல்லில் அரைத்தால் சூடேறாது, மெஷினில் அரைத்தால் சத்துப் போகும் என்ற பேச்சையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். திருகை மாவு சூடாகாததற்குக் காரணம் கல் அன்று, கையின் வேகம். அதே கல்லை மோட்டாரில் பூட்டி வேகமாகச் சுற்றினால் அதன் மாவும் சுடும். மெஷினில் கொஞ்சமாக அரைத்துப் பரப்பி ஆறவிட்டால் அதன் குறையும் பெருமளவு தீர்ந்துவிடும்.

உழைப்பில் இரண்டும் வெகுதூரம். திருகைக்கு மின்சாரம் வேண்டாம், தோள் வேண்டும். மெஷினுக்குத் தோள் வேண்டாம். கால் மணி நேரத்துக்குச் சுமார் கால் யூனிட் போதும். பகலெல்லாம் பட்டாசு அறையிலோ தீப்பெட்டி ஆபீசிலோ கூலிக்கு வேலை பார்த்துத் திரும்பும் பெண்ணிடம் திருகையின் பெருமையைப் பேசுவது நியாயமாகாது. அந்தப் பெருமைக்குப் பின்னால் இருப்பது அவளுடைய விடியற்காலைத் தூக்கம்.

பராமரிப்பில் இரண்டும் நெருங்கி வருகின்றன. தேய்ந்த கல்லைக் கொத்த வேண்டும். கிழிந்த சல்லடையை மாற்ற வேண்டும். ஈரத் தானியம் கல்லில் அப்பும், சல்லடையை அடைக்கும். பொறுக்காமல் விட்ட சிறுகல் திருகையில் நறநறக்கும். மெஷினில் சல்லடையைக் கிழிக்கும். புடைத்துப் பொறுக்கிக் காயவைக்கும் வேலை இரண்டுக்கும் பொது. பட்டாசைக் காயவைக்கும் இந்த ஊர் வெயில் தானியத்துக்கும் உதவுகிறது.

தூசியில் மட்டும் மெஷினுக்குக் கூடுதல் கவனம் தேவை. காற்றில் பறக்கும் மாவு தீப்பற்றினால் வெடிக்கும்: 1785இல் இத்தாலியின் டூரினில் ஒரு ரொட்டிக்கடையின் மாவுக் கிடங்கு அப்படி வெடித்தது, 1878இல் அமெரிக்காவின் மினியாபொலிசில் ஒரு மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். வீட்டு மெஷின் அந்த அளவை எட்டாது. ஆனாலும் அதன் துணிப்பையை உதறிச் சுத்தம் செய்வதும், அடுப்பருகே வைக்காமலிருப்பதும், எர்த் உள்ள பிளக்கில் மாட்டுவதும் அவசியம். பட்டாசு அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்கிப் பழகிய ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்பாராத உறவு இனித்தான். பழையதும் புதியதுமாகத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் ஒரே கட்சி. எதிர்க்கட்சி, கடைத்தெரு மாவு மில். மில்லில் இரண்டு கிலோவுக்காக யாரும் வரிசையில் நிற்பதில்லை. மாதத்துக்கும் சேர்த்து அரைப்பார்கள். முன்னால் அரைத்தவரின் மிளகாய் நெடி நம் மாவில் ஏறும். டின்னில் அடைத்த கம்பு மாவு பாதி தீருமுன் கசக்கும். கொஞ்சமாக, தேவைக்கு, தன் தானியத்தை மட்டும் அரைப்பது திருகைக் காலத்து வழக்கம்; மில் அதைக் கலைத்தது, பெட்டி மில் அதைத் திரும்பக் கொண்டுவருகிறது.

ஆகவே பயறு உடைக்கும் வீடு திருகையைத் தூக்கி எறிய வேண்டாம். கம்பும் கேழ்வரகும் வாரந்தோறும் தின்னும் வீடு மெஷின் வாங்கத் தயங்க வேண்டாம். குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன், வாரத்துக்கு எத்தனை கிலோ செலவாகும் என்று கணக்குப் போடட்டும். அந்த அளவோடு அரைத்தால் இரண்டும் நல்ல மில். மாதத்துக்கும் சேர்த்து அரைத்தால் இரண்டும் காறல் மாவையே தரும்.